மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக ஆசிரியர்களுக்கு 3 நாள் பயிற்சி: எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி இது: வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். அங்கன்வாடிப் பணியாளர்களும் 1 முதல் 3 வரை வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுமாக 40 பேருக்கு, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளோடு வேலை செய்வது பற்றி 3 நாள் பயிற்சி நடத்த வேண்டும். என்ன வைக்கலாம், யாரைக் கூப்பிடலாம்?

முதலில் நாட்களைப் பிரியுங்கள். மூன்று நாளையும் ஒரே வாரத்தில் வைத்தால் அது அரங்கத்தோடு முடிந்துவிடும். முதல் நாள் முடிந்து மூன்று வாரம் கழித்து இரண்டாம் நாள், அதற்கு மூன்று வாரம் கழித்து மூன்றாம் நாள் என்று வையுங்கள். நடுவில் இருக்கும் அந்த ஆறு வாரத்தில்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒருவர் ஒவ்வோர் ஆசிரியரின் வகுப்புக்கும் போய் 40 நிமிடம் உடனிருக்க வேண்டும். 40 பேர், ஆளுக்கு இரண்டு முறை என்றால் 80 வருகை. நீங்களும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கவே படித்த இரண்டு சிறப்பாசிரியர்களும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 27 வரும்; நாளைக்கு இரண்டு பள்ளி என்றால் 14 வேலைநாளில் முடிந்துவிடும். அதற்கும் ஆள் போதாது என்றால் பங்கேற்பாளர்களை 24 ஆகக் குறையுங்கள், வருகையை வெட்டாதீர்கள். வருகை இல்லாத பயிற்சியால் வருகைப் பதிவேடு நிறையும். குழந்தைக்கு ஒன்றும் மாறாது.

வழக்கமான நிகழ்ச்சி நிரல் உங்களுக்கே தெரியும். காலையில் குத்துவிளக்கு, பிறகு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளின் பட்டியல், மதியம் மருத்துவர் உரை. அதைக் கேட்ட ஆசிரியர் திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறார். அங்கே இருப்பது 21 வகை அல்ல. தட்டைத் தள்ளிவிடும் ஒரு பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத ஒரு பிள்ளை. அவர்களுக்காகச் செய்ய வேண்டியது எதுவும் அவர் பயிற்சியில் எழுதிய குறிப்பேட்டில் இருப்பதில்லை. ஆகவே பயிற்சிக்கு வரும்போதே ஒவ்வொருவரும் தன் வகுப்பிலிருந்து ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதி வந்தால் போதும்: வயது, அந்தக் குழந்தையால் தானாகச் செய்ய முடிந்தவை, எது கடினம், அம்மா அப்பா என்ன சொல்கிறார்கள். நோயின் பெயர் வேண்டாம். மூன்று நாளும் பேச்சு அந்தக் குழந்தைகளைச் சுற்றியே இருக்கட்டும். படமோ காணொளியோ எடுத்தால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எக்காரணம் கொண்டும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

முதல் நாள் முழுக்கப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கு. வகுப்பறையில் எடுத்த 3 நிமிடக் காணொளியைப் போட்டு, பார்த்ததை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ‘அடம் பிடிக்கிறான்’, ‘கவனம் இல்லை’, ‘மந்தமா இருக்கா’ என்று எழுதுவார்கள். இவை எல்லாம் தீர்ப்புகள். அவற்றை அடித்துவிட்டு, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் மறுபடி எழுத வையுங்கள். அதன்பிறகு மூன்று கட்டம் போட்ட தாளைக் கொடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். அங்கன்வாடியில் நான்கு வயதுக் குழந்தை தினமும் பாட்டு நேரத்தில் வாசலுக்கு ஓடுகிறது. தாளில் எழுதினால் இப்படி வரும்: 10.05, எல்லாரும் கைதட்டிச் சத்தமாகப் பாடத் தொடங்கினார்கள். குழந்தை காதைப் பொத்தியது, எழுந்து வாசலுக்கு ஓடியது. உதவியாளர் தூக்கி வந்து அமைதிப்படுத்த பிஸ்கட் கொடுத்தார். ஐந்து நாள் பதிவிலும் இதே வரிசை இருந்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. சத்தம் அந்தக் குழந்தைக்குத் தாங்கவில்லை. ஓடினால் சத்தத்திலிருந்து விடுதலை கிடைக்கிறது, மேலே ஒரு பிஸ்கட்டும் கிடைக்கிறது. இனி செய்வது எளிது: வட்டத்தின் ஓரத்தில், வாசல் பக்கம் இடம், கைதட்டலுக்குப் பதில் கையசைப்பு, பாட்டுக்கான படங்களை எடுத்துக் கொடுக்கும் வேலை, ‘போதும்’ என்று காட்ட ஒரு அட்டை. அட்டையைக் காட்டினால் உடனே வெளியே போக விட வேண்டும். காட்டியும் விடாவிட்டால் அட்டைக்கு மதிப்பில்லை என்று குழந்தை கற்றுக்கொண்டு, மறுபடி ஓடத் தொடங்கும். ஒருநாள் பதிவை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். எல்லா நடத்தைக்கும் சத்தம் காரணம் அல்ல. சில குழந்தைகள் பார்வையை ஈர்க்க, சில வேலையிலிருந்து தப்ப, சில பிடித்த பொருள் கிடைக்க, சில உடம்புக்கு அது சுகமாக இருப்பதால் செய்கின்றன. காரணம் மாறினால் தீர்வும் மாறும்.

அன்று மதியம் எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காரவில்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 2 வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் அனுப்ப வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்களை ஒரு குழந்தை இழந்தால் எந்த வயதானாலும் அன்றே அனுப்ப வேண்டும். காதில் சீழ் வடிவதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். அது கேட்புத்திறனைக் குறைக்கும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வர வேண்டும். அங்கிருந்து, குறைபாட்டுக்குச் சிறு வயதிலேயே சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கன்வாடிகளுக்கென்றே ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒரு நெறிமுறை வெளியிட்டது. கண்டறிதல், குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக்கொள்ளுதல், பரிந்துரைத்தல் என்று மூன்று படி. அந்தக் கையேட்டைப் பணியாளர்கள் கையில் கொடுங்கள். ஆனால் ‘உங்க பிள்ளைக்கு ஆட்டிசம்’ என்று சொல்லும் வேலை ஆசிரியருடையது அல்ல. ‘கூப்பிட்டால் திரும்பவில்லை, காதைப் பரிசோதித்துவிடலாம்’ என்று பார்த்ததைச் சொல்லி அனுப்புவதோடு நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் நாற்காலி, தட்டு, கருவி என்று கையால் செய்து பழகும் நாள். இயன்முறை சிகிச்சையாளரை அழையுங்கள், பேச அல்ல, செய்து காட்ட.

மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்தச் சிரமப்படும் நிலை) உள்ள குழந்தையை உட்கார வைப்பதில் தொடங்குங்கள், ஏனென்றால் உடம்பு நிலையாக இல்லாதபோது கை வேலை செய்யாது, கண் நிலைக்காது, வாய் மெல்லாது. இடுப்பு நாற்காலியின் பின்பக்கத்தைத் தொட வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 பாகையில் மடங்க வேண்டும். கால் தரையைத் தொடாவிட்டால் துணி சுற்றிய இரண்டு செங்கல் போதும். பக்கவாட்டில் சாய்ந்தால் சுருட்டிய துண்டு இரண்டு பக்கமும். பட்டையை இடுப்பில் கட்ட வேண்டும். வயிற்றிலோ மார்பிலோ கட்டினால் குழந்தை சறுக்கி, மூச்சுக்குத் திணறும். மேசை முழங்கை உயரத்தில். அங்கன்வாடியில் எல்லாரும் தரையில்தான் உட்காருகிறார்கள் என்றால் இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகைச் சாய்த்து, கால்களுக்கு நடுவே உருளைத் தலையணை வைக்கலாம். தொடையை உள்ளே திருப்பி, பாதம் இரண்டும் வெளியே போகும்படி மண்டியிட்டு நெடுநேரம் உட்கார விடாதீர்கள். எந்த நிலையானாலும் அரைமணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதை விட்டுவிட்டு நடத்தும் பயிற்சிகள்தான் அதிகம், ஆனால் உயிருக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. படுக்க வைத்தோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஒருபோதும் ஊட்டக் கூடாது. நின்றுகொண்டு மேலிருந்து கரண்டியை நீட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், மூச்சுக்குழாய் திறக்கும், சோறு நுரையீரலுக்குப் போகும். எதிரில், அதே உயரத்தில் உட்கார்ந்து, தாடை லேசாகக் கீழே இருக்கும்படி, கரண்டியில் பாதி அளவு கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பின்னரே அடுத்த வாய். தண்ணீராக ஓடும் ரசச் சோறு எளிதாக இறங்கும் என்று நினைக்கிறார்கள். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அதுதான் அதிகம் புரையேறும். கெட்டியாக மசித்த பருப்புச் சாதம் பாதுகாப்பானது. சத்துணவு முட்டையின் மஞ்சள் கரு உலர்ந்து பொடிப்பொடியாக உதிரும், அதைச் சாம்பாரில் குழைத்தே கொடுக்க வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தல் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புங்கள். சாப்பிட்டு அரைமணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதைப் பங்கேற்பாளர்கள் ஒருவருக்கொருவர் ஊட்டிப் பார்க்கட்டும். அண்ணாந்து விழுங்குவது எப்படி இருக்கிறது என்பது ஒரு வாய்த் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். ஊட்டுவது பெரும்பாலும் அங்கன்வாடி உதவியாளர்தான், ஆகவே இந்த அமர்வுக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

காது கேட்கும் கருவி பெட்டிக்குள் கிடப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அது வேலை செய்கிறதா என்று பள்ளியில் யாருக்கும் பார்க்கத் தெரியாததுதான். தினமும் காலையில் 2 நிமிடச் சோதனை இருக்கிறது. குழந்தையின் பின்னால் ஒரு மீட்டரில் நின்று, சாதாரணக் குரலில், ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றி, இடைவெளி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டால் குழந்தை டப்பாவில் ஒரு பாசிமணியைப் போட வேண்டும். ஒரே சீராகச் சொன்னால் குழந்தை தாளத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்காமலே மணியைப் போடும். நேற்று கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் பேட்டரி, குழாயில் ஈரம், காதுக்குள் பொருந்தும் அச்சில் அழுக்கு, இந்த வரிசையில் பாருங்கள். அந்தச் சின்ன வட்ட பேட்டரியைப் பிள்ளைகள் விழுங்கிவிடலாம், எண்ணிப் பூட்டி வையுங்கள். வகுப்பில் ஆசிரியர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசக் கூடாது.

குறைபார்வைக்கு நான்கு விஷயம் போதும் இந்தக் கட்டத்தில். சன்னலுக்கு எதிரே உட்கார வைக்காதீர்கள், வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வரட்டும். வெள்ளைத் தாளில் தடித்த கறுப்பு மார்க்கர். புத்தகத்தைச் சாய்த்து வைக்க ஒரு பலகை. எழுதுவதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே எழுதுதல். கரும்பலகை வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தால், மறுபடி கறுப்படிப்பது எந்தக் கருவியையும் விட மலிவு. பிரெயில் கற்பிக்க இந்தப் பயிற்சி போதாது. அதற்குத் தகுதி பெற்ற சிறப்பாசிரியர் வேண்டும். 1992 மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி அவர் மையப் பதிவேட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பயிற்சி தர வரும் கருத்தாளர்களை அழைக்கும்போது இதைக் கேளுங்கள்.

கண்ணைக் கட்டி நடக்க வைக்கும் விளையாட்டை விட்டுவிடுங்கள். அது பயத்தையும் பரிதாபத்தையும்தான் கொடுக்கிறது. பார்வையற்ற ஒருவர் அப்படி வாழ்வதில்லை, அவர் ஆண்டுக்கணக்காகப் பழகிய திறமைகளோடு நடக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை மாற்றுத்திறன் கொண்ட ஒரு பெரியவருக்கோ, ஒரு தாய்க்கோ கொடுங்கள், மற்ற கருத்தாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு. பள்ளியில் எது உதவியது, எது தடுத்தது என்று கேளுங்கள். ‘எப்படிச் சமாளிக்கிறீர்கள்’ என்று கேட்க வேண்டாம்.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதற்கு 20 நிமிடம் கட்டாயம். சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பதால் பயன் இல்லை. வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பக்கத்தில் உள்ள பொருட்களை நகர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால் 108. எல்லாரும் ஒருமுறை பக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பழகட்டும்.

மூன்றாம் நாள் கற்பிப்பதற்கு. காலையில் வேலையைப் படிகளாக உடைத்தல். கை கழுவுவதை எழுதச் சொல்லுங்கள். நான்கு படி எழுதுவார்கள். பக்கத்தில் இருப்பவர் அந்தத் தாளில் இருப்பதை மட்டும், எழுதியபடியே செய்யட்டும்; குழாயைத் திறக்கச் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். திருத்தி எழுதினால் ஏழு படியாவது வரும்: குழாயைத் திற, இரு கையையும் நனை, சோப்பைத் தேய், உள்ளங்கையும் புறங்கையும் தேய், கழுவு, குழாயை மூடு, துண்டில் துடை. அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் நல்லது. ஆறு படி வரை நீங்கள் கைபிடித்துச் செய்து, துடைப்பதை மட்டும் குழந்தை தானாகச் செய்யட்டும். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த மகிழ்ச்சி குழந்தைக்கே கிடைக்கிறது. அது நிலைத்ததும் குழாயை மூடுவதும் குழந்தையுடையது.

கைபிடிப்பதைக் குறைத்துக்கொண்டே வருவதில்தான் பலர் தவறுகிறார்கள். முதலில் கைமேல் கை, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு சைகை, கடைசியில் ஒன்றுமில்லை. குழந்தையின் பின்னால் நின்று செய்ய வேண்டும், எதிரே நின்றால் கை திசை மாறும். சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். இரண்டு நொடியில் மறுபடி சொல்வதும், மூன்றாவது நொடியில் தானே செய்துவிடுவதும் குழந்தையைக் காத்திருக்கப் பழக்குகின்றன. அந்த ஐந்து நொடி பயிற்சி அரங்கத்தில் வெகுநீளமாகத் தெரியும். கைக்கடிகாரம் வைத்துப் பழக வையுங்கள்.

எழுத்துக்கு வருவோம். கையைக் கட்டுப்படுத்தச் சிரமப்படும் குழந்தையை ‘அ’வில் தொடங்க வைப்பது தேவையில்லாத தண்டனை, சுழி, வளைவு, கோடு எல்லாம் அந்த ஓர் எழுத்திலேயே வருகின்றன. ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கமாக ஒரு கோடு, ‘ட’ முடிந்தது. வண்ண மெழுகுக் குச்சியை (கிரேயான்) 3 சென்டிமீட்டர் துண்டாக ஒடித்துக் கொடுத்தால் முழுக்கையால் பிடிக்க வழியில்லை, விரல் நுனிப் பிடி தானாக வரும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்குக் கொ, கோ வரிசை தனிச் சிக்கல், ஏனெனில் குறி எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கிறது, ஒலியோ பின்னால்தான் வருகிறது. ‘கொ’வைத் துண்டாக்காமல் ஒரே அட்டையாகக் காட்டிப் பழக்குங்கள். ர, ற மாற்றி எழுதுவதையும் 6 வயதில் எழுத்தைத் திருப்பிப் போடுவதையும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முத்திரை குத்தாதீர்கள். அது அந்த வயதில் பல பிள்ளைகளிடம் இருப்பது.

மதியம் தனியர் திட்டம், அதாவது ஒரு குழந்தைக்கென்றே எழுதும் கற்றல் திட்டம். பருவத்துக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். ‘கவனத்தை மேம்படுத்துதல்’ என்பது இலக்கு ஆகாது. யாராலும் அளக்க முடியாது. ‘பாட்டு நேரத்தில் வட்டத்தில் 4 நிமிடம் இருப்பாள், வாரத்தில் ஐந்தில் நான்கு நாள்’ என்பது இலக்கு. எழுதியதைப் பெற்றோரிடம் வாசித்துக் காட்டி, வீட்டில் அவர்களுக்கு எது அவசரமோ அதில் ஒன்றையாவது சேர்க்க வேண்டும். பள்ளிக்கு எழுத்து முக்கியமாக இருக்கும்போது, அம்மாவுக்குக் கழிப்பறை கேட்கத் தெரிவதே பெரிய விஷயமாக இருக்கலாம்.

சட்டத்துக்கு அரைமணி நேரம் போதும். 2016 உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16-ஆம் பிரிவு பாகுபாடின்றிச் சேர்க்கச் சொல்கிறது, 17-ஆம் பிரிவு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதை அரசின் கடமையாக்குகிறது, 31-ஆம் பிரிவு 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு இலவசக் கல்வி தருகிறது. சான்றிதழ் வரட்டும், பிறகு சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல இடமில்லை. 2021-இல் உச்ச நீதிமன்றம் தொடக்கநிலையில் இத்தகைய 10 குழந்தைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. இதைத் தலைமையாசிரியர்கள் இருக்கும்போது பேசுங்கள். மூன்றாம் நாள் மதியம் அவர்களும் வர வேண்டும், ஏனென்றால் கழிப்பறைக் கைப்பிடியும் கீழ்த்தள வகுப்பறையும் பாடவேளை மாற்றமும் அவர்கள் கையில் இருக்கின்றன.

பிறகு எங்கே சறுக்கும் என்றால், சிறப்பாசிரியர் வரும் நாளில் மட்டும் அந்தக் குழந்தைக்குப் பாடம் நடக்கும், மற்ற நாள் மூலையில் உட்கார்ந்திருக்கும். அல்லது அதே பள்ளியில் படிக்கும் அக்காவைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். அவளுடைய படிப்பு போகும். வருகையில் இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள்.

வருகையின்போது அறிவுரை சொல்லத் தொடங்காமல் முதல் 10 நிமிடம் எண்ணுங்கள். 30 நொடிக்கு ஒருமுறை குழந்தையைப் பார்த்து, மற்றவர்கள் செய்யும் வேலையில் ஏதாவது ஒரு வகையில் பங்கேற்கிறதா என்று ‘ஆம்’, ‘இல்லை’ குறித்தால் 20 குறிப்பு கிடைக்கும். முதல் வருகையில் 20-க்கு 4 என்றால் அதை வைத்துக்கொண்டு, எந்த நிமிடங்களில் ‘ஆம்’ வந்தது, அப்போது ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்கு மாற்றம் ஒன்றே ஒன்று முடிவு செய்யுங்கள், இடம் மாற்றுவதோ, படிகளைக் குறைப்பதோ, காத்திருப்பதோ. தாளை அலுவலகத்துக்கு அனுப்பாமல் ஆசிரியரிடமே விட்டுவிடுங்கள். மதிப்பெண்ணாக மாறினால் அடுத்த முறை உங்களுக்காக ஒரு நாடகம் நடக்கும். இரண்டாவது வருகையிலும் எண்ணிக்கை நகரவில்லை என்றால் திட்டத்தை மாற்றுங்கள்: இலக்கைப் பாதியாக்கி, காது கண் பரிசோதனை நடந்ததா என்று பார்த்துவிட்டு, மூன்று கட்டத் தாளுக்குத் திரும்பி இன்னும் ஐந்து நாள் பதிவெடுங்கள்.